பால் ஒவ்வாமை உள்ள ஏழு மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை: என்ன கொடுப்பது?

கேள்வி: கும்பகோணத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு மாதம் நிறைவடைந்துள்ளது. பிறந்தபோது 2.9 கிலோ இருந்தாள். மூன்றாவது மாதத்தில் மலத்தில் சளியும், நூல்நூலாக இரத்தமும் வரத் தொடங்கின. கன்னங்களில் சொரசொரப்பான சிவந்த படையும் தோன்றியது. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காத குழந்தைக்குப் பால் ஒவ்வாமை எப்படி வரும் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் உண்ணும் பால், தயிர், நெய் ஆகியவற்றிலுள்ள புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலுக்கு வந்துசேரும் என்று குழந்தை மருத்துவர் விளக்கி, அவற்றை நான் நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்திய சில வாரங்களில் இரத்தம் நின்றது. பிறகு அவர் சொன்னபடி தயிர் சேர்த்துப் பார்த்தபோது மீண்டும் வந்ததால், பசும்பால் புரத ஒவ்வாமை என்று உறுதிசெய்தார்.

இப்போது என் கவலை எடையைப் பற்றியது. ஐந்தாம் மாதத்தில் 6.4 கிலோ இருந்தவள், ஏழாம் மாதத்தில் 6.6 கிலோதான் இருக்கிறாள். ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கஞ்சி, அரிசிக் கஞ்சித் தண்ணீர், வேகவைத்து மசித்த ஆப்பிள் ஆகியவற்றைத் தொடங்கினோம். கஞ்சி தொண்டையில் சிக்கக் கூடாது என்று நீர்க்கவே காய்ச்சுகிறோம். எங்கள் குடும்பம் சைவம், முட்டையும் உண்பதில்லை. படை முழுமையாக மறையாததால், உறவினர்கள் சொன்னதைக் கேட்டு நான் கோதுமை, வேர்க்கடலை, துவரம்பருப்பு, கத்தரிக்காய் ஆகியவற்றையும் விட்டுவிட்டேன்.

ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மருந்துக் கடைக்காரர் லாக்டோஸ் இல்லாத டின் பால் ஒன்றை எடுத்துக் காட்டினார். எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது, எடை ஏற என்ன செய்வது என்பதை அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: குழந்தைகள் நல உணவியலாளர், மதுரை

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் தந்துள்ள இரண்டு எடைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் வைத்துப் பார்த்தேன். பெண் குழந்தைக்கு ஐந்து மாதத்தில் நடுக்கோடு 6.9 கிலோ, ஏழு மாதத்தில் 7.6 கிலோ. உங்கள் மகள் முன்பு நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே சென்றுகொண்டிருந்தாள். இப்போது அதற்கடுத்த கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கிறாள். 6.6 கிலோ என்பது தனித்துப் பார்த்தால் அபாயகரமான எடை அன்று. ஆனால் தான் சென்றுகொண்டிருந்த பாதையை விட்டுக் குழந்தை இறங்குவதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளந்து, மூன்றையும் ஒரே அட்டையில் குறித்துத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எடை மட்டும் பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் உணவைச் சீர்செய்தாலே ஈடுகட்டிவிடலாம். நீளமும் சேர்ந்து நின்றிருந்தால் மற்ற காரணங்களையும் தேட வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது, நீக்கிய பொருட்களின் பட்டியல் நீண்டுகொண்டே போக, அவற்றுக்கு ஈடாகச் சேர்த்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லாததுதான். பாலை நிறுத்தியதற்குச் சான்று இருக்கிறது: நிறுத்தினீர்கள், நின்றது, சேர்த்தீர்கள், திரும்ப வந்தது. கோதுமைக்கும் பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. கன்னத்துப் படை வறண்ட தோலாலும் வரும், எச்சில் ஊறி நனைவதாலும் வரும். அதற்கு மருத்துவர் சொல்லும் களிம்பை முறையாகத் தடவுவதே முதல் வேலை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பாலைத் தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாக உங்கள் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, உங்களைப் பற்றியே எழுத வேண்டும். இறைச்சி, மீன், முட்டை உண்ணாத ஒருவருக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் ஒரே இயல்பான வழி பாலும் தயிரும்தான். அவற்றையும் நிறுத்திவிட்டால் உங்கள் உடலில் சேமிப்பு கரையும். அதன் பின் தாய்ப்பாலிலும் குறையும். தாயின் பி12 குறைவால் குழந்தை சோர்ந்துபோவதும், கற்ற திறன்களை இழப்பதும், விரல் முட்டிகளில் தோல் கறுப்பதும், கைகால் நடுங்குவதும் நம் நாட்டில் நெடுங்காலமாக மருத்துவர்கள் பதிவுசெய்துவரும் நோய்நிலை. உங்கள் மகளுக்கு அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பசி குறைவதும் எடை நிற்பதும் அதன் தொடக்கமாகவும் இருக்கலாம் என்பதால், உங்கள் இருவருக்கும் பி12 அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சோதனை முடிவு எதுவாயினும், பாலின்றி இருக்கும் காலம் முழுவதும் நீங்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே: பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். உங்களுக்கு அது இப்போதுதான் நின்றிருக்கும். பாலும் இல்லாத நிலையில் நீங்கள் அதைத் தொடர்வது அவசியம். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். கால்சியம், இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

இனிக் குழந்தையின் கிண்ணத்துக்கு வருவோம். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி தேவை. எடையை ஈடுகட்ட வேண்டிய குழந்தைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக. இவ்வயதில் வயிறு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி வீதம்தான் கொள்ளும்; உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், எடை நிற்கும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் மெல்ல விழும் பதமே சரியான பதம். கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்கத் திணறுகிறாள் என்றால், அதற்கு நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. கேழ்வரகைக் கழுவி இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள், வறுக்க வேண்டாம். கெட்டியான கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கி, ஆனால் கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே இந்த முளைமாவில் அரைத் தேக்கரண்டி தூவிக் கிளறினால், கரண்டியைப் பிடித்து நிற்கும் கூழ் சில நிமிடங்களில் தளர்ந்து பாயசம்போல் ஓடும். முளைவிடும்போது உருவாகும் நொதி மாவுப்பொருளை உடைப்பதே காரணம். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு, ஆற வைத்துப் புகட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்க்காமல் கஞ்சி இளகிவிடும், சத்தும் குறையாது.

ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ சேர்க்கலாம். அதில் மட்டும் சுமார் 45 கிலோ கலோரி கிடைக்கும். கடலை இன்னும் பழகாத குழந்தைக்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வேண்டாம். அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். நெய்யும் வேண்டாம், எவ்வளவு உருக்கினாலும் அதில் பால் புரதம் சிறிது இருக்கும். கஞ்சியை மட்டும் நம்பாமல், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, மசித்த பூசணியோ கேரட்டோ கீரையோ கலந்து, எண்ணெய் விட்டு ஊட்டுங்கள். ஆப்பிளுக்குப் பதிலாக வாழைப்பழமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எடைக்கு உதவும். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தை நம் ஊரில் சற்று அதிகமாகவே புகழ்கிறோம் என்பது என் கருத்து: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருப்பது உண்மைதான், ஆனால் குழந்தையின் ஒரு வேளைக் கூழில் சேர்வது 15 கிராம் மாவு, அதிலிருந்து கிடைப்பது 50 மில்லிகிராம் அளவே. எனவே தாய்ப்பாலைக் குறைத்துவிட வேண்டாம். திட உணவுக்கு முன்போ பின்போ வழக்கம்போல் கொடுங்கள்.

வீட்டில் அரைக்கும் சத்துமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்ததாக யாராவது அதைத்தான் பரிந்துரைப்பார்கள். முந்திரி, பாதாம், கடலை, சோயா, கோதுமை, எள் என்று பதினைந்து பொருட்கள் சேர்ந்த மாவு சாதாரணக் குழந்தைக்கு நல்லது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுத்து ஏதேனும் நேர்ந்தால், பதினைந்தில் எது காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக, மூன்று நாள் இடைவெளியில் பழக்கிய பிறகு, பழகியவற்றை மட்டும் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் கூடாது. அவற்றின் புரதங்கள் பசும்பால் புரதத்தை ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒவ்வா. கழுதைப்பாலைப் பற்றிப் பாட்டி சொல்வது முற்றிலும் பொய்யன்று. அதன் புரதம் தாய்ப்பாலுக்கு நெருக்கமானது என்பதால் சில குழந்தைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு, எனவே எடை ஏற உதவாது. தெருவில் கறந்து காய்ச்சாமல் புகட்டும் பாலால் கிருமித் தொற்று வரும். கடைக்காரர் காட்டிய டின் உங்கள் மகளின் நோய்க்குரியதே அன்று. லாக்டோஸ் என்பது பாலின் சர்க்கரை. அவளுக்கு ஒவ்வாதது பாலின் புரதம். லாக்டோஸை நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருக்கும். தாய்ப்பால் போதவில்லை என்று மருத்துவர் கருதினால் மட்டும், புரதம் மிக நுண்ணிய துண்டுகளாக உடைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவை எழுதித் தருவார். விலை கூடுதல்தான், அதற்கு மாற்றாக ஆறு மாதத்துக்குப் பிறகு சோயாப் பால்மாவைச் சிலருக்குத் தருவதுண்டு, ஆனால் மலத்தில் இரத்தம் வரும் வகை ஒவ்வாமையில் சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. பாதாம் பால், தேங்காய்ப்பால், அரிசிப் பால் எதுவும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தை நிரப்பாது.

வைட்டமின் டி சொட்டு மருந்து நாளொன்றுக்கு 400 அலகு வீதம் ஒரு வயதுவரை தொடரட்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் வாரம் இருமுறை கொடுக்கப்படும் ஒரு மில்லி இரும்புச்சத்துச் சிரப்பை வாங்கிக்கொள்ளுங்கள். எடையைத் தினமும் பார்த்து மனம் நோக வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், உடையின்றிப் பாருங்கள். இவ்வயதில் மாதத்துக்கு ஏறத்தாழ 300 கிராம் ஏறுவது இயல்பு. ஈடுகட்டும் குழந்தை அதைவிட வேகமாக ஏறும்.


பதில் 2: நான்கு வயது மகனின் தந்தை, கோயம்புத்தூர்

அம்மா, உணவியலாளர் எழுதியதற்குப் பிறகு நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. வீட்டு நடைமுறை பற்றி மட்டும் எழுதுகிறேன். என் மகனுக்கு இருந்தது வேறு வகை: பால் பட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பும் வாந்தியும் வரும். உங்கள் மகளுடையது தாமதமாக வெளிப்படும் வகை என்று தோன்றுகிறது. அந்த வகையில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எனவே பரிசோதனையில் ஒன்றுமில்லை, பால் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. ரொட்டி, பிஸ்கட், கடையில் விற்கும் குழந்தைத் தானிய உணவுகள் பலவற்றில் பால்மாவு உண்டு. அட்டையில் பால் என்ற சொல் இல்லாவிட்டாலும் கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள் என்று இருந்தால் பால்தான். 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனி வரியில் அறிவிக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சில சொட்டு மருந்துகளிலும் பொடிகளிலும்கூடப் பால் புரதம் இருக்கும் என்பதால், மருந்து வாங்கும்போதும் கேளுங்கள்.

அதைவிடக் கடினம் உறவினர்கள். நெய் தடவிய தோசைக்கல்லில் குழந்தைக்கு இட்லியைச் சூடாக்குவது, மோர்க்குழம்பில் இருந்த கரண்டியால் பருப்பை எடுப்பது, கோயிலில் சோறூட்டும்போது ஒரு பருக்கைதானே என்று பாயசத்தை நாக்கில் வைப்பது என எல்லாம் அன்பின் பெயரால் நடக்கும். கோபித்துக்கொண்டு பயனில்லை. குழந்தைக்கென்று தனிக் கிண்ணம், கரண்டி, சிறு பாத்திரம் வைத்து, அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டோம். பெரியவர்களை மருத்துவரிடமே ஒருமுறை அழைத்துச் சென்றோம். நாங்கள் மாதக்கணக்கில் சொல்லிப் புரியாததை அவர் ஐந்து நிமிடத்தில் புரியவைத்தார். மாமியாரையும் அப்படியே அழைத்துச் செல்லுங்கள்.


மறுமொழி: கும்பகோணத்துத் தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. பி12 பரிசோதனையைப் பற்றி இதுவரை எவரும் எங்களிடம் சொல்லவில்லை. வரும் வாரமே மருத்துவரிடம் கேட்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு வேர்க்கடலையை இப்போதே கொடுக்கலாமா, அல்லது மூன்று வயதுவரை தள்ளிப்போடுவது நல்லதா? பாலை எப்போது மீண்டும் முயன்று பார்ப்பது?


பதில் 3: குழந்தை மருத்துவர், சென்னை

தள்ளிப்போட வேண்டும் என்பது பழைய அறிவுரை. அதை மாற்றியது 2015இல் வெளியான லண்டன் ஆய்வு. கடும் தோல் படையோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, நான்கு முதல் பதினொரு மாத வயதுள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடலையை அப்போதே தொடங்கினார்கள். மற்றப் பிரிவினர் ஐந்து வயதுவரை தவிர்த்தனர். தொடக்கத் தோல் சோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கும் உண்டவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. எனவே காரணமின்றித் தாமதிப்பதில் நன்மை இல்லை.

ஆனால் உங்கள் மகளின் படை எவ்வளவு கடுமையானது என்பதை நேரில் பார்த்த மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். கடுமையானது என்றால் முதலில் தோல் சோதனை. லேசானது என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மாவாக அரைத்து, பழகிய கஞ்சியில் நன்றாகக் கரைத்து, நுனிக் கரண்டி அளவு முதலில் கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக ஊட்டுங்கள். காலை வேளையில், காய்ச்சல் சளி இல்லாத நாளில், அடுத்த இரண்டு மணிநேரம் குழந்தையைக் கவனிக்க ஆள் இருக்கும்போது செய்வது நல்லது. ஒத்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு மூன்று முறை விடாமல் கொடுங்கள். ஒருமுறை கொடுத்து நிறுத்துவதில் பயனில்லை. முழுக் கடலையை ஐந்து வயதுவரை கொடுக்காதீர்கள்; மூச்சுக்குழாயில் சிக்கும்.

உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, குரல் கரகரத்தல், மூச்சிரைப்பு, துவண்டுபோதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டு மருந்தில் நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள். தடிப்பே இல்லாமல், உண்ட ஒன்று முதல் நான்கு மணிநேரத்தில் அடுக்கடுக்காக வாந்தியெடுத்து வெளிறித் துவளும் மற்றொரு வகையும் உண்டு. அதை வயிற்றுத் தொற்று என்று நினைத்துவிடுவது வழக்கம். அரிசியாலும் அது வரலாம் என்பதால், வாந்திக்கு முன் என்ன ஊட்டினீர்கள் என்பதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாலைப் பொறுத்தவரை, குறைந்தது ஆறு மாதம் தவிர்த்த பிறகு, ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதுக்குள் மறுபரிசீலனை செய்வது வழக்கம். உங்கள் மகளின் வகையில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ பாலைத் தாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவர் ஒப்புதலோடு, மாவில் சிறிது பால் சேர்த்து நெடுநேரம் சுட்ட பிஸ்கட்டில் தொடங்கி, அது ஒத்துக்கொண்டால் அடுத்து அதிகப் பால் சேர்ந்த பணியாரம், பின்னர் தயிர், இறுதியில் காய்ச்சிய பால் என்று படிப்படியாக ஏறுவோம். நீண்ட சூட்டில் புரதத்தின் வடிவம் மாறுவதால் சுட்ட உணவை முதலில் தாங்குகிறார்கள். உடனடியாகத் தடிப்பு வரும் வகைக் குழந்தைகளுக்கு, முந்தைய பதிலை எழுதியவரின் மகனைப்போல், இதை மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும்; வீட்டில் முயலக் கூடாது.

இன்னொன்று: ஒன்பதாம் மாதத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை இந்த ஒவ்வாமைக்காக நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்; ஊசி போடும் முன் பால் ஒவ்வாமை இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாலை மறுமுயற்சி செய்யும் வாரமும் ஊசி போடும் வாரமும் ஒன்றாக அமையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ தடிப்போ வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.